யாரு கையால சாப்பிடுதே?

"அம்மா, நீங்க எப்பவாவது கொலைகாரனுக்கு ஊசி போட்டிருக்கீங்களா?"

நர்சிங் படிக்கிற பிள்ளை ஒருத்தி கேட்டாள். கோவில்பட்டியில் ஒரு பயிற்சி வகுப்பு. சட்டப் புத்தகங்களுக்குப் புதுப் பெயரும் புது நம்பரும் வந்துவிட்டன அல்லவா, மனநோயில் குற்றம் செய்தவர்களைப் பற்றிய பிரிவுக்கும் நம்பர் மாறிவிட்டதாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வக்கீலை அழைத்திருந்தார்கள். அனுபவம் பேச, ஓய்வுபெற்ற மனநலப் பிரிவு நர்ஸ் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

"போட்டிருக்கேன். ஊசிக்கு அவன்தான் பயந்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டீ குடிக்கிற நேரத்தில் அதே பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். "இல்லம்மா, நெசமாவே பயமா இருக்கு. இந்த வார்டுலதான் எனக்குப் போஸ்டிங்னு சொல்லுதாவ. இவிய எப்ப யாரைக் கொல்லுவாவன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. டிவிக்காரன் 'சைக்கோ, சைக்கோ' என்று கத்தியே இந்தப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவைத்திருப்பதன் மேல். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் எங்கள் வராந்தாவில் மாத்திரைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். காதில் குரல் கேட்கிறது என்பார்கள், யாரோ வேவு பார்க்கிறார்கள் என்பார்கள். ஆனால் அவர்கள் அடித்ததைவிட அடி வாங்கியதுதான் அதிகம். சங்கிலி உரசிப் புண்ணான கணுக்கால்களுக்கு நான் மருந்து போட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. வரப்புத் தகராறில் வெட்டியவனுக்கும் குடித்துவிட்டுக் குத்தியவனுக்கும் எந்த மனநோயும் கிடையாது. அதற்காக, இந்த நோய்க்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை என்று மேடையில் அடித்துப் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. சம்பந்தம் உண்டு. அபூர்வமாக உண்டு. வைத்தியம் பார்க்காமல் விட்ட இடத்தில், பயம் முற்றிப்போன இடத்தில், கூட இருந்து சோறு போட்டவர் மேலேயே அது பாயும். இதை எனக்குச் சொல்லிப் புரியவைத்தவர் எங்கள் பெரிய டாக்டர். கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது காளிராஜ் விஷயத்தில். காளிராஜ் என்பது உண்மைப் பெயர் இல்லை. ஊர் புதூர்ப் பக்கம், அவ்வளவு போதும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரசவ வார்டு கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன், மனநல வார்டில் போட்டார்கள். "பைத்தியக்காரங்க கூடயா ஒன்னைய விடணும்?" என்று அம்மா அழுதாள். ஊசி போடுவதைவிட உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே பெரிய வேலை. வாயாடியான எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெரிய டாக்டர் கழுகுமலைக்காரர். பெயர்தான் பெரிய டாக்டர், ஆள் குட்டை. அவருடைய அறையில் மேஜை சுவரோரம் கிடக்கும். நோயாளிக்கு நாற்காலி, அவருக்கு முக்காலி. யாரையும் மூலையில் உட்காரவைக்கக் கூடாது. எழுந்து போக நினைத்தால் வழி தெரிய வேண்டும். நோயாளியின் முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒருமுறை ஃபேன் சுவிட்சைப் போடப் போய் நான் அப்படி நின்றுவிட்டேன். அந்த ஆள் வெளியே போன பிறகு டாக்டரிடம் நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, முக்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"சாப்பிட்டியா? யாரு கையால சாப்பிடுதே?"

சரியான சாப்பாட்டு ராமன் போலிருக்கிறது என்று நாங்கள் நர்ஸுகள் எங்களுக்குள் சிரிப்போம். ஒருநாள் துணிந்து அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் பசியைக் கேக்கலம்மா. யாரு மேல பயம்னு கேக்கேன். 'ஒங்க அண்ணன் மேல சந்தேகமா'ன்னு கேட்டா இல்லைன்னுருவான். ஆனா அண்ணன் வீட்டுச் சோத்தைத் தொடமாட்டான். யாரு கையால சாப்பிடுறதை நிப்பாட்டுதானோ, அந்த ஆளை நாம உடனே கூப்பிட்டுப் பேசணும். முதல்ல காப்பாத்த வேண்டியது அவரைத்தான்."

காளிராஜை எங்களிடம் கொண்டுவந்தபோது காப்பாற்ற வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்திருந்தார். கோர்ட் உத்தரவின் பேரில், மனநிலை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி போலீஸ் அழைத்து வந்தது. முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பொருந்தாத பெரிய சட்டை. அண்ணன் மாரியப்பனை அவர்களுடைய புன்செய்க் காட்டிலேயே மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு, தானே பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தவன். அங்கே அவன் சொன்ன முதல் வார்த்தை, "என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வயித்துல வெசம் இருக்கு" என்பது.

டாக்டர் வழக்கம்போல் முக்காலியில் உட்கார்ந்தார். கூட வந்த ஏட்டையாவைப் பக்கவாட்டில் உட்காரச் சொன்னார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். தட்டைக் காளிராஜ் முன்னால் நீட்டி, "நீயே பாத்து எடுத்துக்கோ" என்றார். அவன் ஒவ்வொரு கிளாஸாக உற்றுப் பார்த்தான். எடுக்கவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஏட்டையா பாதி குடித்து முடித்தபோது காளிராஜ் மெதுவாகக் கையை நீட்டினான். "அண்ணாச்சி, அதைத் தாங்களேன்" என்றான். அவர் குழம்பிப்போய் டாக்டரைப் பார்க்க, டாக்டர் தலையசைத்தார். இன்னொருவர் குடித்து உயிரோடு இருந்த அந்த எச்சில் டீயை அவன் ஒரே மூச்சில் குடித்தான். அவ்வளவு தாகத்தோடு அந்த மனிதன் எத்தனை நாள் இருந்தானோ! அவன் ஒரு கொலைகாரன் என்பது அந்த நிமிஷம் எனக்கு மறந்தே போனது.

"யாரு கையால சாப்பிடுதே?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரு கையாலயும் இல்லய்யா. நானே பொங்கிக்கிடுவேன். காட்டுக் கெணத்து மோட்டார் ரூம்ல."

"எப்ப இருந்து?"

"உளுந்து வெதச்ச நாள்ல இருந்து."

அதாவது விதைத்து, முளைத்து, களையெடுத்து, அறுத்து முடிகிற வரை அவன் அண்ணன் வீட்டில் கை நனைக்கவில்லை. அண்ணனும் மதினியும் தனக்குச் சோற்றில் கலந்து இடுமருந்து வைக்கிறார்கள் என்று ஒரு குரல் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஊருக்குக் காரணம் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஒருவன் உடன்பிறந்தவன் வீட்டில் கை நனைக்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மனத்தாங்கல். பங்கு கேட்கிறான், வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறான் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாரியப்பனும் அப்படித்தான் நினைத்தார். "காட்டைப் பிரிச்சுக் குடுத்துருவோம், எங்க போயிருவான்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மனத்தாங்கலுக்கு ஊரில் ஒரு வைத்தியம் இருக்கிறது. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவன்று பெரியவர்கள் இருவரையும் பந்தியில் ஒன்றாக உட்காரவைத்தார்கள். அண்ணன் தன் கையால் தம்பிக்கு ஒரு வாய் பொங்கல் ஊட்ட வேண்டும்; அதோடு பகை தீர்ந்தது. நல்ல மனசோடு செய்ததுதான். எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் சேர்ந்திருக்கின்றன. மாரியப்பன் கண் கலங்க ஊட்டினார். ஊரே குலவை போட்டது. காளிராஜுக்கோ, தன்னை உட்காரவைத்து ஊர் முழுக்கச் சுற்றி நின்று விஷத்தை ஊட்டிவிட்டதாகத்தான் பட்டது. கோவிலுக்குப் பின்னால் போய் விரலை விட்டு வாந்தியெடுத்தான். பாதிதான் வந்தது, பாதி உள்ளே போய்விட்டது என்று நினைத்தான். மறுநாள் காலையில் காட்டுக்குப் போனான்.

அன்று டாக்டர் அறையைவிட்டு வெளியே வர வெகுநேரம் ஆனது. "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, 'ஏலே, என்னத்துக்குச் சாப்பிட மாட்டேங்கே'ன்னு தனியா உக்காந்து கேட்டிருந்தா போதும்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

காளிராஜ் காவலோடு எங்கள் வார்டில் இருந்தான். முதலில் எதையும் தொடவில்லை. உரிக்காத வாழைப்பழமும் அவித்த முட்டையும் கொடுத்தோம். தோலும் ஓடும் இருப்பதால் யாரும் ஒன்றும் கலந்திருக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். மாத்திரையை அட்டையோடு கொடுத்து அவனையே பிரிக்கச் சொல்வோம். "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அவன் திட்டிக்கொண்டே திறப்பான். ஊசி என்றால் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். வகுப்பில் நான் சும்மா சிரிக்கவைக்கச் சொன்னதில்லை அதை.

மருந்து பிடிக்கப் பிடிக்கக் குரல் தேய்ந்தது. ஒரு காலையில் நான் வைத்த இட்லியைப் பேசாமல் எடுத்துச் சாப்பிட்டான். எனக்கு உள்ளே ஒரே குதூகலம். ஆனால் டாக்டர் சந்தோஷப்படவில்லை. "இனிமேதான் இவனைப் பத்திரமா பாத்துக்கணும்" என்றார். அவர் சொன்னது சீக்கிரமே புரிந்தது. ஒருநாள் காளிராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், அப்போ எங்க அண்ணன் என்னைய ஒண்ணும் செய்யலையா?"

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். முக்காலி இல்லை; கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இல்லப்பா. ஒங்க அண்ணன் ஒண்ணும் செய்யல. பொங்கல்ல ஒண்ணும் இல்ல. ஒனக்குச் சீக்கு. அந்தச் சீக்கு சொன்னதை நீ நெசம்னு நம்பிட்ட."

அவன் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. நோய் இருந்தவரை அவனுக்கு ஒரு எதிரி இருந்தான். குணமானதும் ஒரு அண்ணன் இறந்துபோனார். அடுத்த பல நாட்கள் துண்டு, கயிறு எதுவும் அவன் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

கோர்ட்டில், கொன்றது இவன்தான், ஆனால் செய்வது இன்னதென்று அறியும் நிலையில் இல்லை என்று தீர்ப்பானது. தூரத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் வைக்க உத்தரவு. "பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுட்டான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். தண்டனை வாங்கியவனுக்கு வெளியே வர ஒரு தேதி உண்டு. இவனுக்குத் தேதி கிடையாது, ஆள்தான் வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு சொந்தக்காரர் வந்து பொறுப்பேற்று, டாக்டர்களும் கோர்ட்டும் ஒத்துக்கொண்டால்தான் வெளியே விடுவார்கள். காளிராஜுக்குத் தாய் தகப்பன் இல்லை. மிச்சம் இருந்த சொந்தம் ஒன்றே ஒன்று: அவன் யார் தாலியை அறுத்தானோ அந்த மதினி, சண்முகத்தாய்.

வருஷங்கள் ஓடின. அவன் தெளிவாக இருக்கிறான், ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை செய்கிறான், அனுப்பலாம், ஆனால் ஆள் இல்லை என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. அதற்குள் பெரிய டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். போனில் கேட்டேன். "யாரும் வரமாட்டாவன்னு நாமளே முடிவு பண்ணிரக் கூடாதும்மா. கேட்டுப் பாக்கணும். நீ போய்க் கேளு" என்றார்.

போனேன். சண்முகத்தாய் வீட்டு முன்னால் மிளகாய் வத்தல் காயப்போட்டு, காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை.

"அவனைப் பத்திப் பேச வந்தியன்னா போயிருங்க."

"போயிருதேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அவனுக்குக் கொணமாயிட்டு."

"எங்க வீட்டுக்காரருக்குக் கொணமாகுமா?"

நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். ரோட்டுக்கு வந்துவிட்டேன், பின்னாலேயே வந்து கூப்பிட்டாள். வத்தல் நெடியாலோ என்னவோ கண் சிவந்திருந்தது.

"சிஸ்டர், அன்னைக்கு அந்தப் பொங்கலைப் பொங்குனது நான். அவிய கையில உருண்டை பிடிச்சுக் குடுத்ததும் நான்தான். போலீஸ்ல இவன் மருந்து வச்சாவன்னு சொன்னான்லா, இந்த ஊர்ல இன்னைக்கு வரைக்கும் நாலு பேரு அதை நம்புதாவ. 'ஏதோ வச்சிருப்பா, அதான் அந்தப் பய அப்படிப் பண்ணுனான்'னு என் காதுபடப் பேசியிருக்காவ. எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்பக்கூட பேசுனாவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதுல ஒண்ணும் இல்லைன்னு அவனுக்கு இப்பத் தெரியுமா?"

"தெரியும். அவனே என்கிட்ட சொல்லியிருக்கான்."

"உங்ககிட்ட சொன்னா ஆச்சா? எங்கிட்ட சொல்லட்டும்."

அவளை நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பார்வையாளர் அறையில் காளிராஜ் வந்து நின்றான், தலை நரைத்திருந்தது. நிமிரவில்லை. பெரிய டாக்டரை நினைத்துக்கொண்டு நான் நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்து, இருவருக்கும் கதவு தெரிகிற மாதிரி போட்டேன். ஆனால் அவன் உட்காரவில்லை.

"மதினி, நீங்க ஒண்ணும் வைக்கல. அண்ணன் ஒண்ணும் வைக்கல. அது நல்ல சோறு" என்றான்.

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை விலக்கி, "இதை ஊர்ல வந்து சொல்லுவியா?" என்று கேட்டாள்.

"சொல்லுதேன்."

அப்படித்தான் அவன் வெளியே வந்தான். மன்னித்துவிட்டாளா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தை அவளிடம் இருந்து நான் கேட்டதில்லை. நிபந்தனைகளைத்தான் கேட்டேன். அவன் மோட்டார் ரூமில் இருக்க வேண்டும். தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ள வேண்டும். "என் கையால சோறு போடமாட்டேன், சொல்லிட்டேன். ஆனா மாத்திரை நான்தான் குடுப்பேன். முழுங்குதானான்னு நான் பாக்கணும்."

ஊரும் சும்மா இருக்கவில்லை. அவன் வந்த அன்று கூட்டம் கூடிவிட்டது. "நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க" என்றார்கள். அவர்கள் பயத்தையும் தப்பென்று சொல்ல மாட்டேன். அவன் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னான்: மதினி மருந்து வைக்கவில்லை, எனக்குச் சீக்கு, நான் மாத்திரை சாப்பிடுகிறேன். பிறகு நான் பேசினேன். அவனைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மாத்திரை நின்றால் பயப்படுங்கள், உடனே எனக்குப் போன் போடுங்கள் என்று சொல்லி, பெரிய டாக்டரின் கேள்வியை அந்த ஊருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அந்தப் பக்கம் யாராவது சாப்பாட்டை வெறுத்து ஒதுங்கினால், பங்கா என்று கேட்பதற்கு முன்னால் யார் கையால் சாப்பிடுகிறான் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டு எங்களிடம் நேரத்தோடு கூட்டிவந்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவன் இன்று கடம்பூரில் போளிக்கடை வைத்திருக்கிறான். அவன் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. எங்கள் வேலையில் ஜெயித்த கதை எதுவும் பேப்பரில் வராது.

நான் ஓய்வுபெற்ற பிறகு, போன மழைக்காலத்தில் ஒரு காலை. இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் சண்முகத்தாய்.

"சிஸ்டர், இவன் மாத்திரையைக் கையில வாங்கிட்டுப் பாத்துக்கிட்டே நிக்கான். முழுங்க மாட்டேங்கான்."

நான் ரிட்டயர்டு ஆகிவிட்டேன், புது சிஸ்டரிடம் கேளுங்கள் என்று சொல்ல வாய் எடுத்து, விழுங்கிக்கொண்டேன். "நீங்க தள்ளி நில்லுங்க. கதவைத் திறந்து வைங்க. போனை அவன்கிட்ட குடுங்க" என்றேன்.

"சிஸ்டர்" என்றான் காளிராஜ். குரல் நடுங்கியது. "கலர் மாறியிருக்கு. எப்பவும் வெள்ளையா இருக்கும், இது மஞ்சளா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். மதினிட்டயும் சொல்லிட்டேன், பயமா இருக்குன்னு. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ஒரு விதைப்பு முதல் அறுப்பு வரை வாயைத் திறக்காமல் பயத்தை உள்ளேயே வைத்திருந்தவன். இன்று பயம் வந்த அதே நிமிஷம், யாரைப் பார்த்துப் பயமோ அவளிடமே சொல்லிவிட்டு நிற்கிறான்.

அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னேன். அதே மருந்துதான், கம்பெனி மாறியிருக்கிறது. மருந்து வாங்குகிற இடத்துக்கும் போன் போட்டு உறுதி செய்துகொண்டு திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். "புது சிஸ்டர்ட்டயும் இந்த வாரமே போய்க் காட்டணும், என்ன?" என்றேன். "சரி சிஸ்டர்" என்றான். அந்தப் பக்கம் செம்பு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று சண்முகத்தாயின் அதட்டல். என்னிடம் படித்த பாடம்.

போன் மறுபடி அவள் கைக்கு வந்தது.

"முழுங்கிட்டான் சிஸ்டர். வெறும் வயித்துல நிக்கான், இந்த மழையில எங்கன போய் அடுப்புப் பத்தவைப்பான்? நான் தட்டுல சோறு வச்சுக்கிட்டு இருக்கேன், போனை வச்சிருதேன்" என்றாள்.